காஸ்பர் சார் நிறுத்திய மின்விசிறிகள்

பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, டாக்டர் ஸ்ரீரஞ்சனி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் காஸ்பர் சாரின் துணைவி மர்சலின் அம்மா, மகள் டீனா, எங்கள் பள்ளியின் பழைய மாணவர்களே, மயிலாப்பூர்ப் பெருமக்களே, இந்த மே மாதத்திலும் சால்வை போர்த்திக்கொண்டு வந்திருக்கும் என் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மின்விசிறி ஏன் ஓடவில்லை என்று பின்வரிசையில் சிலர் என்னை முறைக்கிறீர்கள். ஓடாது! சால்வை போர்த்தியவர்களுக்கு அந்தக் காற்று ஆகாது. வியர்த்தால் துடைத்துக்கொள்ளுங்கள். இது காஸ்பர் சாருடைய நினைவுக் கூட்டம்.

நான் பஞ்சாட்சரம், தமிழாசிரியன். அவர் வேதியியல் ஆசிரியர். ஓய்வு பெறும் வரை எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து சண்டை போட்டோம். சொரியாசிஸ் என்ற தோல் நோய் அவர் நெற்றியையும் காதோரத்தையும் சிவக்க வைத்திருந்தது. பையன்கள் ‘தக்காளி சார்’ என்றார்கள். அவரே சிரித்தார். பெற்றோர் சிலர் ‘குடிக்கிற வாத்தியார்’ என்றார்கள். குடிக்கிறவரா? எங்கள் காஸ்பரா? சூடான காபிகூட முகத்தைச் சிவக்க வைக்கும் என்று மோர் குடித்த மனிதரய்யா அவர்!

பிறகு ஒரு வருடம் அந்தச் சிவப்பு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பரவியது. எரித்ரோடெர்மா என்றார் நம் டாக்டர் ஸ்ரீரஞ்சனி. தொட்டால் அடுப்பு மாதிரி சுட்டது. நாங்கள் என்ன செய்தோம்? எல்லோரும் செய்வதைத்தான். உடம்பு சூடு என்று இளநீர் கொடுத்தோம், ஈரத்துணி போட்டோம், மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தோம். அவரோ பல் கிட்டி நடுங்கினார். டாக்டர் வந்து எங்களைத் திட்டி, கம்பளி போர்த்திய பிறகுதான் பிழைத்தார்.

பிழைத்த மனிதர் வீட்டில் சும்மா இருந்தாரா? செவ்வாய்க்கிழமை தோறும் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவு வராந்தாவில் போய் நின்றார். அசோக் நகர் இனாயத் இதோ உட்கார்ந்திருக்கிறார். ஒரு செவ்வாய்க்கிழமை இவர் உடம்பெல்லாம் சிவந்து அங்கே கிடந்தார், அண்ணன் அப்துல் கஃபார் அட்டையால் இவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். காஸ்பர் போய் அட்டையைப் பிடுங்கினார்.

“இன்னா சார், ஒடம்பு நெருப்பா கீது, விசிறக் கூடாதுன்ற?”

“தொடற உனக்குத்தாம்பா சூடு, அவனுக்குக் குளுரு. தோலு கெட்டுப் போச்சுன்னா உள்ள இருக்கற சூடெல்லாம் வெளிய போயிடும். அவன் பல்லு அடிச்சுக்கறதப் பாரு!”

இப்படி எத்தனை வராந்தா! எத்தனை குடும்பம்! எத்தனை மின்விசிறிகளை அவர் நிறுத்தினார்!

போன மாதம் அதே நோய் அவருக்கே திரும்பி வந்தது. இந்த முறை எங்களுக்கு எல்லாம் தெரியும். ஒன்றையும் விடவில்லை. அன்றே மருத்துவமனையில் சேர்த்தோம். மர்சலின் அம்மா வேளை தவறாமல் வாஸ்லின் தடவினார். டாக்டர் தன் வீட்டுக்குப் போகவே மறந்தார். ஆனாலும் தோல் வழியாகக் கிருமி நுழைந்து இரத்தத்தில் கலந்துவிட்டது.

“பஞ்சு, எல்லாம் சரியாத்தானடா பண்றோம்?” என்று கேட்டார்.

“சரியாத்தான் பண்றோம், காஸ்பர்.”

“அப்புறம் ஏண்டா?”

பேசியே வயிறு வளர்த்தவன் நான். அன்று கம்பளியை இழுத்து அவர் கழுத்து வரை போர்த்திவிட்டேன். ஏதாவது தவறு செய்திருந்தாலாவது யாரையாவது திட்டி ஆறலாம். யாரைத் திட்டுவது? பங்குத்தந்தை மன்னிக்க வேண்டும், உங்கள் கடவுளையும் என் கடவுளையும் திட்டிப் பார்த்தேன். ஆறவில்லை.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் நான் உறுதிமொழி சொல்ல வேண்டும். எழுதிக்கூட வைத்திருந்தேன். ஆனால் இன்று காலை அவருடைய கைபேசி அடித்தது. டீனா எடுத்தாள், பேச முடியாமல் என்னிடம் நீட்டினாள். ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து ஒரு பெண்.

“காஸ்பர் சார் கீறாரா? எங்க வூட்டுக்காரருக்கு ஒடம்பெல்லாம் செவந்து போய், கிடுகிடுன்னு நடுங்கறாரு. சார்தான் காப்பாத்துவாருன்னு சொன்னாங்கோ.”

இதே நோயில்தான் அவர் போனார் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னால் அவள் கை ஓய்ந்துவிடாதா?

“சார் வெளியூர் போயிருக்காரும்மா. நல்லா போர்த்தி இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ” என்றேன். இப்போது அந்தப் பெண்ணின் கணவர் நம் டாக்டருடைய வார்டில்தான் படுத்திருக்கிறார்.

பெருமக்களே, கூட்டம் முடிந்ததும் நான் அங்கே போகிறேன். அவள் கணவன் பக்கத்தில் உட்காருவேன். என்னால் முடிந்த உறுதிமொழி அவ்வளவுதான். சார் எப்போது வருவார் என்று அவள் கேட்பாள். நான் என்ன சொல்வது? இங்கே யாருக்காவது தெரிந்தால், நான் வண்டி ஏறுவதற்குள் சொல்லுங்கள்.