தகட்டை மாட்டிய பக்கம்

"ஹலோ... ஓம், கமலினிதான்... ஓம் அண்ணா, சொல்லுங்கோ. பிரேக்கிலைதான் நிக்கிறன், பத்து நிமிசம் இருக்கு."

செவன் ஹில்ஸ் புறநகரில் மருந்துப் பொதி கட்டும் பக்ரறியின் பின்வாசலில் நின்றபடி கமலினி தலைமுடி வலையைக் கழற்றினாள். மூன்று வருடம் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில், இப்போது போனில் இருக்கும் கௌரிசங்கருக்குக் கீழ் வேலை செய்தவள். ஆய்வுக் கட்டுரையில் பெயர் இல்லாதவளுக்கு வேலை நீடிப்பும் இல்லை என்று போன மாதம் அனுப்பிவிட்டார்கள்.

"கமராவோ?... கடைசிப் படம் மட்டும்தான் வருதோ? முன்னம் எடுத்த ஒண்டும் இல்லையோ?... ம்... ம்... சென்சருக்கு மேலை கிடக்கிற தகட்டைக் கழட்டினனீங்களோ?... தூசி துடைக்கவோ. சரி, சரி."

அவளுக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. சென்சரின் ஓர் ஓரத்தில் மட்டும் வெளிச்சம் விட்டு, மிச்சத்தை மூட அவள் வெட்டிய தகடு அது. எடுத்த படத்தைக் கண் இமைக்குமுன் மூடிய பக்கத்துக்குத் தள்ளினால்தான் அடுத்ததை எடுக்கலாம். மனுசன் தலைகீழாக மாட்டியிருக்கிறார்; முன் படங்கள் மூடிய பக்கம் போகாமல் சென்சரின் விளிம்பைத் தாண்டி அழிந்துபோகின்றன. தானே கண்டுபிடித்ததாக எழுதிய ஆளுக்குப் படம் எந்தப் பக்கம் நகரும் என்றுகூடத் தெரியவில்லை!

"ஏன் என்னட்டைக் கேக்கிறியள்? கட்டுரையிலை உங்கடை பேர்தானே கிடக்கு... ஓம், ஓம், அடுத்ததிலை போடுறன் தங்கச்சி எண்டனீங்கள். அண்ணா எண்டு கூப்பிட்ட ஆளிட்டை எழுத்திலை கேக்கக் கூச்சப்பட்டனான். அது என்ரை பிழை... இல்லை, அழேல்லை. வயிறு எரியுது, அவ்வளவுதான்... ஆர் பக்கத்திலை?... புரொபசரோ? மெல்பேர்ணிலையிருந்து கமரா பாக்க வந்த ஆக்களுமோ?... சரி, சொல்லித்தாறன். ஒண்டே ஒண்டு. இந்தத் தகட்டைச் செய்தது கமலினி எண்டு இப்ப அவருக்குச் சொல்லுங்கோ. எனக்குக் கேக்கச் சொல்லுங்கோ... ஓம், நான் லைனிலை நிக்கிறன்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். புரொபசர் தூரத்தில் ஏதோ கேட்டார். கௌரிசங்கர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"என்ன சொன்னனீங்கள் இப்ப?... கமரா வித்த கம்பனியோடை கதைக்கிறன் எண்டோ?... எனக்கு நல்லாக் கேட்டது... வேண்டாம், விளங்கப்படுத்தாதேங்கோ... ஓம், ஓம், அவசரம்தான்... அப்ப கம்பனியையே கேளுங்கோ, கௌரிசங்கர்."

போனை வெட்டினாள்.