கேட்டுச் சொல்லும் ஆடு

அந்த ஆட்டின் நிறம் எனக்கு இப்போது சரியாக நினைவில்லை ஐயா. வெள்ளாடு என்பது நிச்சயம். கறுப்பு என்று என் மனசு சொல்கிறது. விசாரணைக்கு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் மச்சான் அங்கமுத்துவைக் கேட்டால் செவலை என்பார். வாங்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். ஆட்டின் நிறத்தையே மறந்தவன் மற்றதை மட்டும் எப்படிச் சரியாகச் சொல்வான் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் பேசிய பேச்சுகள் எனக்கு மறப்பதில்லை. பேச்சு குறைந்தவனுக்கு அடுத்தவர் பேச்சு அதிகமாகத் தங்கிவிடுகிறது.

நான் ராசாங்கம். திருமானூரில் யூனியன் ஆபீஸில் கிளார்க். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஆபீஸ் விட்டால் கிளை நூலகம், அங்கிருந்து வீடு, பிறகு புத்தகம். எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் கமலவேணியைக் கட்டிக்கொண்டேன். அவளுக்குச் செட்டிகுளம். அண்ணன் அங்கமுத்து சின்ன வெங்காயம் போடுகிறவர், தங்கை மேல் உயிர். அவளை நான் ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. குரல் உயர்த்தி அதட்டியதும் இல்லை. எதிர்வீட்டுப் பூமாலையை விசாரித்தால் சொல்வாள்.

கமலவேணிக்கு வாய் துடுக்கு. கெட்ட துடுக்கு இல்லை. யாரைப் பார்த்தாலும் அவர்களைப் போலவே நடந்து காட்டுவாள், கண்டக்டர் விசில் ஊதுவதுபோல ஊதிக் காட்டுவாள். முதல் தீபாவளிக்கு மறுநாள் அங்கமுத்து குடும்பத்தோடு வந்திருந்தார். நான் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, அவுங்க படிக்கறப்ப வாயக் கவனிச்சுப் பாருங்க. ஆடு அசை போடற மாதிரியே இருக்கும்" என்றாள். சொன்னதோடு இல்லாமல் செய்தும் காட்டினாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் செய்தாள்.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்ததும், "தண்ணி வேணுமாங்க?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அதைக் கோபம் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். அவளுக்குச் சொல்வதற்கு ஒரு சரியான வார்த்தை வரட்டும் என்று பொறுத்திருந்தேன். அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பிறகு பொறுத்திருப்பதே பழகிவிட்டது.

எங்கள் பக்கம் புருஷன் பெண்டாட்டி பேசாமல் இருப்பது ஒன்றும் அதிசயமில்லை. நடுவில் பிள்ளையை வைத்துப் பேசுவார்கள். 'ஒங்கப்பாவச் சோறு திங்க வரச் சொல்லு' என்று இவள் சொல்வாள். 'பசியில்லன்னு சொல்லு' என்று அவன் சொல்வான். இருவரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். பிள்ளை இல்லாவிட்டால் கதவிடமோ அம்மியிடமோ சொல்வது. இரண்டு மூன்று நாளில் யாராவது ஒருவர் சிரித்துவிட அதோடு முடிந்துபோகும். கமலவேணியும் அப்படித்தான் ஆரம்பித்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. முதலில் கதவு. அப்புறம், தங்கை துணையில்லாமல் கிடக்கிறாளே என்று அங்கமுத்து ஒரு ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார்.

"ஏ குட்டி, இன்னைக்கு அவரக்கா பொரியல். ரசம் ஊத்தவான்னு அவுங்களக் கேட்டுச் சொல்லு."

ஆடு என்னைப் பார்க்கும். நானும் ஆட்டைப் பார்ப்பேன். சில சமயம் அது சரியாக அந்த நேரத்தில் கத்தும். "வேணுமாம்" என்று சொல்லி ஊற்றுவாள். நான் சாப்பிடுவேன். "நீ பரவால்ல குட்டி. கேட்டா மே-ன்னாவது சொல்ற" என்பாள். அவள் சிரிப்புக்காகக் காத்திருப்பது எனக்குத் தெரியும். நான் கை கழுவ எழுந்துபோவேன்.

இப்படியே வருஷங்கள் போயின. வாசலுக்கு வந்தவர்களோடு நான் சாதாரணமாகப் பேசுவேன். மழை, பஸ் கட்டணம், தேர்தல், எதைப் பற்றியும். அவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். கொஞ்ச நாளில், நான் ஆபீஸில் இருக்கும்போதும் அவள் ஆட்டோடு பேசத் தொடங்கினாள்.

பூமாலைதான் முதலில் கேட்டாள். "என்னங்கண்ணே, அது காலையிலேருந்து ஆட்டுக்கிட்டக் கதை சொல்லிக்கிட்டே கெடக்குது. நீங்க என்னா ஏதுன்னு கேக்கக்கூடாதா?"

"என்ன பண்றது பூமாலை" என்றேன். ஒரு பெருமூச்சு விட்டேன். அவ்வளவுதான். அவளுக்குப் பைத்தியம் என்ற சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பெருமூச்சை வைத்துத் தெரு என்ன கட்டிக்கொள்கிறது என்பதற்கு நான் பொறுப்பில்லை.

கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போனேன். சன்னதியில் நின்று, "அவுங்கள எங்கிட்டப் பேச வையி சாமி" என்று வாய்விட்டுக் கேட்டாள். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களைப் பார்த்து நான் கைகூப்பினேன். பிறகு அரியலூரில் ஒரு டாக்டர். அங்கே கூட்டிவந்தவர் முதலில் உள்ளே போய் விவரம் சொல்ல வேண்டும். நான் சொன்னதில் பொய் இல்லை. ஆட்டோடு பேசுகிறாள் என்றேன். ஆடு பதில் சொல்வதாகவும் சொல்கிறாள் என்றேன். அவளைக் கூப்பிட்டபோது அவள், "அவுங்க எங்கிட்டப் பேசறதே இல்லைங்க டாக்டர்" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். "ஆபீசுக்கு லீவு போட்டு நான்தான் சார் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மாத்திரை எழுதினார். மாத்திரை போட்டபின் அவளுக்கு நாக்கு குழறியது. ஆட்டோடு குழறிப் பேசுவதைப் பார்த்தவர்கள் என் மேல் இன்னும் இரக்கப்பட்டார்கள்.

அந்த சிஸ்டரைத் தேடிக் கண்டுபிடித்தது கமலவேணிதான். பஸ்ஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"குட்டி, வரதராசன்பேட்டை போற வழியில மரிய புஷ்பம்னு ஒரு சிஸ்டர் இருக்காங்களாம். பெங்களூர்ல இதுக்குன்னே படிச்சவங்களாம். புருஷன் பொண்டாட்டிய எதுத்தாப்ல உக்கார வச்சு மனசு விட்டுப் பேச வைப்பாங்களாம். மருந்து கிடையாதாம். போலாமான்னு கேளு. இது ஒண்ணுதான் நான் கேக்கறது."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். வருகிறேன் என்று அர்த்தம். அவள் ஓடிப்போய்ப் பூ வைத்துக்கொண்டு வந்தாள்.

கான்வெண்ட்டில் ஒரு சின்ன அறை. எதிரெதிரே இரண்டு நாற்காலி. நான் வழக்கம்போல முதலில் நுழையப் போனேன்.

"மொதல்ல அவங்க சொல்லட்டும் சார். நீங்க அந்தப் புளியமரத்தடியில உக்காருங்க" என்றார் சிஸ்டர்.

அதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். நெடுநேரம் கழித்து உள்ளே இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒன்று கமலவேணியின் சிரிப்பு. அதைக் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

என்னைக் கூப்பிட்டு அவளுக்கு எதிரே உட்கார வைத்தார். "இவங்களுக்கு ஒரு நோயும் இல்ல சார். இவங்க ஆட்டோட பேசல. ஆட்ட நடுவுல வச்சு உங்களோட பேசறாங்க. இத்தனை வருஷமா ஒருத்தர் அத விடாம செஞ்சுக்கிட்டிருக்காங்க, பாருங்க. நீங்க பெருசா ஒண்ணும் சொல்ல வேண்டாம். பேரச் சொல்லி ஒரு தடவ கூப்புடுங்க. மத்தத அப்பறம் பாத்துக்கலாம்."

நான் கூப்பிடத்தான் நினைத்தேன். கமலவேணி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அசைகிறதா என்று பார்த்தாள். ஒருத்தி அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாயை எப்படி அசைப்பது? மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்தது. சிஸ்டரும் பொறுமைசாலி. ஆனால் அமைதியாக இருப்பதில் என்னோடு அவரால் போட்டி போட முடியாது.

கடைசியில் கமலவேணி பாய்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "பேசுங்க. திட்டுங்க. போடி நாயேன்னாவது சொல்லுங்க" என்று உலுக்கினாள். சட்டை கிழிந்து பட்டன் தெறித்தது.

சிஸ்டர் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இதப் போயி நோய்னு யாருகிட்டயும் சொல்லிடாதீங்க சார். அடுத்த வாரம் நீங்க வாங்க. நீங்க மட்டும் வாங்க."

"ரொம்ப நன்றி சிஸ்டர்" என்றேன். கமலவேணி என் குரலைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். திரும்பும் பஸ்ஸில் அந்தப் பட்டனைக் கைக்குள் வைத்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் நான் கான்வெண்ட்டுக்குப் போகவில்லை. செட்டிகுளம் போனேன். அங்கமுத்துவிடம் கிழிந்த சட்டையைக் காட்டினேன். வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நீங்களா இருக்கவே இத்தன நாளு வச்சுக் காப்பாத்துறீங்க மாப்ள. வேற ஒருத்தன்னா வெரட்டிவுட்டிருப்பான்."

கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஒரு கோயில் இருப்பதாக அவரே சொன்னார். மனம் கலங்கியவர்களை அங்கே கொண்டுபோய்க் கட்டிவைப்பார்கள் என்றும், மண்டலம் முடிந்ததும் தெளிந்துவிடும் என்றும் சொன்னார். நான் மறுக்கவில்லை. நாங்கள் இருவருமாக அவளை அங்கே கொண்டுபோய் விட்டோம். கருப்பண்ணன் என்பவரிடம் சாவி இருந்தது. காலில் சங்கிலியைப் போட்டுவிட்டு என்னிடம் அந்த இடத்து வழக்கத்தைச் சொன்னார். "கொண்டாந்து கட்டுனவரு வந்து, அவுத்துவுடுன்னு வாயால சொல்லணும். அப்பத்தான் பூட்டத் தொறப்பேன். அப்பன் வந்தாலும் சரி, அண்ணன் வந்தாலும் சரி, கட்டுனவரு சொல்லணும்."

கமலவேணி அதைக் கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த வழக்கத்தின் அர்த்தம் அந்த இடத்தில் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் புரிந்தது.

மண்டலம் முடிந்தது. நான் போகவில்லை. ஆபீஸில் வேலை அதிகம் என்று அங்கமுத்துவிடம் சொன்னேன். ஆடி போய் ஆவணி வந்தது. சிஸ்டர் எங்கள் வீட்டைத் தேடிவந்து, பூட்டியிருக்கவே பூமாலையிடம் விசாரித்து, செட்டிகுளம் வரைக்கும் போய் அங்கமுத்துவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அங்கமுத்து நேராக என் ஆபீஸுக்கு வந்தார். என் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினார்.

ஒரு தகரக் கொட்டகை. அவள் இளைத்துப்போயிருந்தாள். காலில் சங்கிலி உரசிய இடம் புண்ணாகி ஈ மொய்த்தது. அங்கமுத்து கொட்டகைத் தரையில் விழுந்து என் காலைப் பிடித்தார்.

"மாப்ள, ஒரு வார்த்தை. அவுத்துவுடுன்னு சொல்லுங்க. நான் இட்டுக்கிட்டுப் போயிடறேன். ஒங்க பக்கமே அனுப்ப மாட்டேன்."

கருப்பண்ணன் சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். நான் சொல்லியிருப்பேன் ஐயா. இதை நீங்கள் நம்ப வேண்டும். அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உதடுகூட அசைந்திருக்க வேண்டும்.

அப்போது கமலவேணி, அந்த நிலைமையிலும், அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். "எந்திரிண்ணே. குட்டிய இட்டாந்திருந்தா அது கேட்டுச் சொல்லியிருக்கும்."

கருப்பண்ணன் சிரித்துவிட்டார். பக்கத்தில் கட்டிக்கிடந்த ஒரு கிழவியும் சிரித்தாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். திரும்பி நடந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். அங்கமுத்து பின்னாலேயே ஓடிவந்தார், பிறகு நின்றுவிட்டார். பஸ் வருவதற்குள் நான் இரண்டு பக்கம் படித்தேன்.

நீங்கள் கேட்டது இதுதான் என்றால், ஆமாம், சொல்லாமல் வந்தது நான்தான். சொன்னால் அவிழ்ப்பார்கள் என்று தெரியும். சொல்லாவிட்டால் அவள் அங்கேயேதான் கிடப்பாள் என்றும் தெரியும். மழைக்காலம் வரப்போவதும் தெரியும்.

அங்கமுத்து போலீசுக்குப் போனார், பலனில்லை. தானே சங்கிலிப் பூட்டை உடைக்கப் போனபோது கொட்டகையில் இருந்தவர்கள் அவரை அடித்து அனுப்பினார்கள். ஐப்பசி மழையில் கொட்டகைக்குள் தண்ணீர் வந்தது. கமலவேணிக்குக் காய்ச்சல் கண்டது. செத்தபிறகு கருப்பண்ணன் யார் சொல்லுக்கும் காத்திராமல் பூட்டைத் திறந்தார். கையில் என் சட்டைப் பட்டன் இருந்ததாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. கருப்பண்ணன் இப்போது ஊரில் இல்லை. சிஸ்டரைத் தூத்துக்குடிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். பூமாலை எங்கள் வீட்டு வாசலைப் பார்த்து இருந்த தன் ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறாள். ஆடு செட்டிகுளத்தில் இருக்கிறது, இரண்டு முறை குட்டி போட்டுவிட்டதாம். நான் அதே வீட்டில் இருக்கிறேன், அதே ஆபீஸ்.

அங்கமுத்து வெளியே இருக்கிறார். காலையிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம். "காப்பி சாப்புடறீங்களா மச்சான்?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும்போது பதில் சொல்லாமல் இருக்க எப்படித்தான் மனசு வருகிறதோ, எனக்குப் புரியவில்லை.