விழுந்து கொடுத்தவள்

எனக்கு இடுப்புவலி உண்டு, இன்ஸ்பெக்டர் அம்மா. மெத்தை விரித்த இடம் பார்த்துத்தான் விழுவேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் ஞாயிறுதோறும் ஐகிடோ என்கிற ஜப்பான் தற்காப்புக் கலை சொல்லித் தருகிறார்கள். என் தம்பி பெண்டாட்டி நர்மதாவை அதில் சேர்த்துவிட்டு, ஜோடிக்கு நானும் சேர்ந்தேன்.

நர்மதா கல்வராயன் மலைக்காரி. மரவள்ளி லோடு ஏற்றப் போன இடத்தில் தம்பி இளவரசன் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தான். நல்லவன்தான், குடித்தால் கை நீளும். ஒருநாள் அவள் துணிமணியை மூட்டை கட்டி, மலைக்கே போகிறேன் என்றாள். புருஷனை இழந்து தம்பி வீட்டில் ஒண்டியிருப்பவள் நான். அவள் போய்விட்டால் அந்த வீடு என்னாவது? அதற்குத்தான் இந்த வகுப்பு.

மாஸ்டர் சிவசங்கர், தோளைத் தளர்த்தி வயிற்றிலிருந்து மூச்சு விட்டால் எதிராளியின் பலமே அவனைச் சாய்த்துவிடும் என்பார். இன்னொன்றும் சொன்னார்: "இங்க ஜோடி வுழுந்து குடுப்பாங்க. பழகுறதுக்கு. வெளிய எவனும் குடுக்க மாட்டான்." அன்றைக்கு நர்மதா காய்ச்சலில் படுத்திருந்தாள். அதை அவளிடம் நானும் சொல்லவில்லை.

அவள் கை பட்டதும் விழுவேன்.

"அண்ணி, மெய்யாலுமே வுழுந்தீங்களா?"

"பின்ன இன்னா? இந்த ஒடம்ப நானே தூக்கிப் போட்டுக்குவனா?"

குலுங்கிச் சிரிப்பாள்.

ஒரே ஒருநாள் விழுந்து கொடுக்காமல், மெய்யாகவே விழுந்தேன். அவள் கை பஞ்சாக இருந்தது, என் கால் தானாக நழுவியது. எப்படியென்று அவளுக்கும் தெரியவில்லை. அடுத்த வாரம் அது வெறும் கைதான். இருந்தும் விழுந்தேன்.

மூட்டையைப் பிரித்துவிட்டாள். "இனிமே ஓட மாட்டேன் அண்ணி. நின்னு பாத்துக்கிறேன்."

அந்தச் சாயங்காலம் தம்பி குடித்துவிட்டு வந்தபோது வாசற்கதவு திறந்தேதான் கிடந்தது. அவள் போகவில்லை. தோளைத் தளர்த்திக்கொண்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் விழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை, பாடத்தில் சந்தேகம் கேட்கிற பார்வை. அவன் குழவிக்கல்லை எடுத்தான். நான் நடுவில் போகவில்லை. போனால் அவளுக்குத் தன்மேல் நம்பிக்கை விட்டுப்போகும் என்று நினைத்தேன்.

அவள் அம்மா சாமியம்மாள் மலையிலிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஒருத்திதாம்மா எம்பொண்ணுகிட்ட பிரியமா இருந்தே" என்று அழுதாள். அந்தக் கையை விடுவித்துக்கொள்ள எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

கொன்றவன் அவன் என்றாலும், அவளை ஓடவிடாமல் அங்கே நிறுத்தி வைத்தவள் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

தம்பி ஜாமீனில் வந்தால் ஒற்றையாக இருக்க முடியாது. நைனார்பாளையத்தில் ஒரு பெண் இருக்கிறாள், சாது. அவளுக்கு நானே நிதானமாகப் பழக்கிவிடுவேன்.