தேடும் பாதையைத் திருத்தியவள்

பேளுக்குறிச்சி தாண்டி மலைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கல்லூரிப் பெண் தன் அப்பாவிடம் பொருமிக்கொண்டிருந்தாள்.

"ஸ்டுடியோ டாட் ஹெச்சைக் காணோம்னு கம்ப்யூட்டர் சொன்னா, அதுக்கு நானாங்கப்பா பொறுப்பு?"

"போட்டோ ஸ்டுடியோவா கண்ணு?"

"இல்லீங்கப்பா. சி புரோகிராம் ஓடறதுக்கு வேணுங்கற பைலு. அதை லேப்புல புது போல்டருக்கு மாத்திட்டாங்க. கம்ப்யூட்டர் தேடற பாதையில பழைய போல்டர் பேரே கெடக்குது. நான் பாதையைத் திருத்துனேன், புரோகிராம் ஓடுச்சு."

"அப்பறமென்ன?"

"அதைத் தொட்டதே தப்புன்னு லேப் சார் பரீட்சையிலிருந்து எந்திரிச்சுப் போகச் சொல்லிட்டாருங்க. ஓடாத புரோகிராமை அப்படியே உட்டவங்களுக்கு மார்க்காம்!"

அப்பா கம்பியைப் பிடித்து எழுந்தார்.

"ஏனுங்க கண்டக்டர், வண்டிய நிறுத்துங்க. ஊட்டுக்கு நாளைக்குப் போயிக்கறோம். இப்ப காலேசுக்குப் போகோணும்."