செஸ் கிளப்பில் முதல் ஆட்டம்

அத்திபெலேயில் பஸ் ஏறிய இரண்டு ஹைஸ்கூல் பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஜன்னலோரப் பெண் பொருமினாள்:

"ரெண்டு வருஷமா செஸ் கிளப்புல இருக்கேன். இன்னைக்குத்தான்டீ காயையே தொட்டேன்."

"ஏன், போர்டு இல்லையா?"

"எச்.எம். ரூம் பீரோல பூட்டியே கிடக்கும். இன்னைக்கு இன்ஸ்பெக்‌ஷன்னு வெளிய எடுத்தாங்க. மிஸ்ஸே பாதி ஆட்டம் மாதிரி காயை வெச்சு, 'கன்னத்துல கை வெச்சு யோசிக்கிற மாதிரி உட்காருங்க, எதையும் தொடாதீங்க'ன்னாங்க."

"நீ தொட்டுட்டியா?"

"போன்ல ஆடிப் பழகினவ நான். எதிர்ல ராணி காவலே இல்லாம நிக்குது. எவ்ளோ நேரம்தான் சும்மா பார்க்கறது? ஆபீசர் முன்னாடியே வெட்டிட்டேன்."

"அப்புறம்?"

"அம்மாவைக் கூட்டிட்டு வரணுமாம். நாளைக்கு பொம்மசந்திரா கம்பெனில அம்மா லீவு போடணும், நான் செஸ் கிளப்புல செஸ் ஆடினதுக்கு."