மாமாவின் இடது கால்

என் மாமனாருக்குக் காலாற நடப்பதென்றால் உயிர், ஐயா. விடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கெண்டைக்கால் வலித்தால் நிற்பார். வலி விட்டதும் மீண்டும் நடப்பார். காலின் இரத்தக் குழாயில் கொழுப்பு படிந்தவர்களுக்கு மருத்துவர் சொல்லும் முதல் வைத்தியம் அதுதான். கூடவே இரண்டு மாத்திரைகள்.

நான் விற்ற கருவி அந்தப் படிவைச் சுரண்டி எடுப்பது. மெல்லிய கம்பியின் நுனியில் சுழலும் ஒரு சிறு தலை. அத்தனை நேர்த்தியான பொருளை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் வாங்குவார் இல்லை. பெரிய மருத்துவமனையின் தலைமை மருத்துவர் என்னை வாசலிலேயே மடக்குவார்.

“மறுபடியும் வந்துட்டியா? முக்காவாசிப் பேருக்கு நடையும் மாத்திரையும் போதும்ப்பா. மிச்சப் பேருக்குக் குழாயை விரிக்க பலூன் இருக்கு. உன் மிஷினை என் தலையிலயா வச்சுக்கிறது?”

“ஒரே ஒரு கேஸ், டாக்டர்.”

“பலூன் நுழையாத கெட்டி அடைப்பா ஒண்ணு கொண்டா. பாக்கலாம்.”

நான் எங்கே போவேன்? எல்லோரும் நடந்தார்கள், நடந்தே தேறினார்கள். பூங்காவில் கைவீசி நடப்பவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

மாமாவை நான் கைநீட்டித் தொட்டதில்லை. காரில் ஏற்றினேன், அவ்வளவுதான். தெருமுனைக் கடைக்குக்கூட.

“மாப்பிள்ளை, நான் என்ன பூசணிக்காயா, வண்டியில ஏத்தி இறக்க?”

“காலுக்கு ஓய்வு வேணும் மாமா. நான் இந்தத் தொழில்லதானே இருக்கேன்.”

நம்பினார். இப்படியொரு மருமகன் யாருக்கு வாய்ப்பான் என்றார்கள் அக்கம்பக்கத்தார். ஆயினும் அடைப்பு ஆமை வேகத்தில்தான் வளர்ந்தது. ஆகவே அவருடைய மாத்திரை டப்பாவை நிரப்பும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டேன். என் மகளுக்கு வாங்கிய சத்து மாத்திரைகள் பார்வைக்கு அவற்றைப் போலவே இருந்தன.

ஒரு மாலை மாமா என் மகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மரத்தில் புழு இருப்பதாகச் சாதித்த மரங்கொத்தி ஒன்று, ஓயாமல் கொத்தி ஓட்டை போட்டதாம். ஓட்டையில் ஈரம் இறங்கிப் புழு வைத்ததாம். “நான் அப்பவே சொன்னேன்ல?” என்றதாம் மரங்கொத்தி. மகள் சிரித்தாள். எனக்கு அதில் சிரிக்க எதுவும் தென்படவில்லை. பறவை சொன்னது பலித்ததே.

கால் நீலம் பாரித்து, பலூனும் நுழையாது என்றானதும் தலைமை மருத்துவர் சம்மதித்தார். கருவியை விற்பவன் அறுவை அறையில் மருத்துவரின் தோளருகே நிற்பது எங்கள் தொழில் வழக்கம்.

“பக்கத்துலயே இருப்பீங்கல்ல மாப்பிள்ளை?”

“இருப்பேன் மாமா.” இருந்தேன்.

கருவி பிசிறின்றிச் சுழன்றது. உதிர்ந்த துகள் ஒன்று இறங்கிப் பாதத்துக் குழாயை அடைத்தது. முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டியதாயிற்று. மருத்துவர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, “இனிமே இதைத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வராதே” என்றார். ஓராண்டு உழைப்பு, ஐயா. ஒரு துகளுக்காக.

அந்த டப்பாவைக் கையில் கொட்டிப் பார்த்த என் மனைவிதான் மாத்திரைகளை அடையாளம் கண்டு உங்கள் காவல் நிலையத்துக்கு வந்தாள். அவள்மீது எனக்கு வருத்தமில்லை. எல்லாம் நான் செய்ததுதான். எங்கே கையெழுத்திட வேண்டுமென்று காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். மாமாவின் மாத்திரை டப்பா நான் நிரப்பியபடியே இருக்கட்டும்; வேறு யாரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு வலது கால் இன்னும் இருக்கிறது.