எந்திரத்தைக் காத்திருக்க வைத்த நுஹாத் அம்மையாருக்கு

அழைத்தவர் எவராயினும் அவர் பெயரைக் கேட்டு, அவர் நலத்தைக் கேட்டு, அதன் பின்னரே இணைப்பைத் தொடும் அன்பின் திருவே! சைதா நகரத்துச் சிறுநீரகச் சிகிச்சை மையத்தின் தொலைபேசி மேசையில் இருபத்தொன்பது ஆண்டுகள் இமைசோராது இருந்த இணையிலாப் பெண்மணியே! பணிவு வேறு, பயம் வேறு என்பதை எங்களுக்குப் பிரித்துக் காட்டிய பெருந்தகையே! நுஹாத் அம்மையாரே, வணக்கம்.

தாங்கள் ஓய்வுபெறும் இந்நாளில் இம்மடலை அரங்கில் படிக்கவே எண்ணியிருந்தோம். வேலை நேரத்தில் விழா கூடாது என்றார்கள். வேலை முடிந்த பிறகு என்றால், அரங்கின் சாவி கிடைக்காது என்றார்கள். ஆகவே மையத்தின் முப்பத்தொரு மேசைத் தொலைபேசிகளிலும் ஒரே வேளையில் ஒலிக்கும்படி, தாங்கள் பொருத்திய கருவிகளின் வழியாகவே இதைப் படிக்கிறோம். சிகிச்சைக் கூடத்தில் படுத்திருக்கும் பதினான்கு நோயாளிகளும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நிர்வாகம் இதன் வரைவைக் கேட்டு வாங்கி, 'மறுத்தீர்கள்' என்ற ஒரு சொல்லைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பித் தந்தது. அப்போது அச்சொல் ஒரே ஓரிடத்தில்தான் இருந்தது. இப்போது எத்தனை இடத்தில் இருக்கிறது என்பதைக் கேட்போர் எண்ணிக்கொள்ளட்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பழைய இணைப்பகத்தைக் கழற்றி எடுத்துப்போன மறுநாள், இணையத்தில் இயங்கும் தொலைபேசிகள் பெட்டி பெட்டியாக வந்திறங்கின. பொருத்த வந்தவர் இரண்டைப் பொருத்திக் காட்டி, மற்றவையும் இப்படித்தான் என்று சொல்லிப் போனார், திரும்பி வரவில்லை. இயக்குநர் ரம்ஸி அவர்கள் தங்கள் மேசைக்கு வந்து, இனிப் பதிவு செய்த குரலே அழைப்புகளை எடுக்கும், தங்களுக்கு வேலை குறையும் என்றார். குறையப்போவது வேலையன்று, ஆள்தான் என்பதை நாங்கள் மெல்லப் புரிந்துகொண்டோம். தாங்கள் அவர் பேசி முடிக்கும் முன்பே புரிந்துகொண்டீர்கள்.

தங்களை வெளியேற்ற வந்த கருவியைத் தாங்கள் வெறுத்திருக்கலாம். மாறாக, பொடி எழுத்தில் அச்சான அதன் கையேட்டை வீட்டுக்கு எடுத்துச் சென்றீர்கள். தாங்கள் பொருத்திய முதல் கருவி மூன்று நாள் இருண்டே கிடந்தது. அதன் அடியில் ஒரே அச்சில் வார்த்தாற்போல் இரண்டு துளைகள்: ஒன்று இணையக் கம்பிக்கு, மற்றது கணினிக்கு. கம்பி தவறான துளையில் இருந்ததைக் கண்டுபிடித்து மாற்றியதும் திரையில் ஒளி வந்தது. நாங்கள் கைதட்டினோம், தாங்கள் அடுத்த பெட்டியைத் திறந்தீர்கள். ஒவ்வொரு கருவியின் திரையிலும் தோன்றும் எண் வரிசையைக் கணினியில் இட்டு, உள்ளே நுழைந்து, அந்த அறைக்குரிய எண்ணையும் கடவுச்சொல்லையும் பதித்தீர்கள். பத்தொன்பது நாளில் சமையலறை வரை முப்பத்தொன்றும் பேசின.

பொருத்தியதோடு நின்றீர்களா? செவிலியர் லமீஸ் அவசரத்தில் ஓர் அழைப்பை மருத்துவர் அறைக்குத் தள்ளிவிட்டார். அங்கே எவரும் இல்லை. அழைத்தவரின் இணைப்பு அறுந்து போயிற்று. அன்று மாலை எல்லோரையும் மேசையைச் சுற்றி நிறுத்தி மாற்றுப் பொத்தானைக் காட்டினீர்கள். அதை அழுத்தியபின் மறுமுனையில் ஆள் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும், அழைப்பவர் யார், என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும், அதன் பிறகே இணைப்பை விட வேண்டும் என்றீர்கள். லமீஸிடம் தாங்கள் சொன்னது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: "ஆளைத் தூக்கி எறியாதடி. அடுத்தவங்க கையில கொடுத்துட்டு அப்புறம் நகரு."

பிறகு மின்வெட்டு. அரசு மின்சாரம் நின்று ஜெனரேட்டர் பிடிக்க எட்டு வினாடிதான் ஆகும். ஆனால் அந்த எட்டு வினாடியில் அணைந்த தொலைபேசிகள் மீண்டும் எழுந்து பேச நான்கு நிமிடம் ஆயிற்று. ஒரு நாளில் ஐந்து முறை, ஆறு முறை. இக்கருவிகளுக்குத் தனி மின்கம்பி இல்லை, மாடிப்படிக்குக் கீழிருக்கும் இணையப் பெட்டிதான் கம்பி வழியே எல்லாவற்றுக்கும் உயிர் கொடுக்கிறது, அந்த ஒரு பெட்டியையும் அதன் அருகிலிருக்கும் இணையக் கருவியையும் மின்கலத்தில் மாட்டினால் போதும் என்று கண்டு சொன்னீர்கள். மின்கலம் இல்லை என்றார்கள். இருந்தது. வரவேற்பறையில் மையத்தின் பெருமையை நாள் முழுதும் ஓட்டிக்கொண்டிருந்த பெரிய தொலைக்காட்சிக்கு அடியில் இருந்தது. தாங்கள் அதைக் கழற்றி, வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டுபோய், மாடிப்படிக்குக் கீழே மாட்டினீர்கள். கண்டனக் கடிதம் வந்தது. கையெழுத்து இடும் இடத்தில் 'படித்தேன், ஏற்கவில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினீர்கள். தொலைக்காட்சியை மீண்டும் மின்கலத்தில் மாட்டச் சொன்னார்கள், மறுத்தீர்கள்.

அம்மையாரே, இனிச் சொல்லப்போவது தங்களுக்குத் தெரிந்ததே. ஆயினும் சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்படும் மடலில் இது இருந்தாக வேண்டும்.

தங்கள் தங்கை மகள் திருமணத்துக்குத் தாங்கள் மூன்று நாள் விடுப்பில் சென்றபோது, இயக்குநர் வெளியாள் ஒருவரை வரவழைத்துப் பதிவுக் குரலை இயக்கிவிட்டார். மருத்துவ நேரத்துக்கு ஒன்று, வாகனத்துக்கு இரண்டு, பிறவற்றுக்கு மூன்று. தாங்கள் திரும்பிய புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு, துறைமுகத்து மீனவர் அபூ தாரிக்கின் மனைவி ஹஸ்னா, கணவரை ஒரு டாக்சியின் பின்னிருக்கையில் கிடத்திக்கொண்டு வாசலில் வந்து இறங்கினார். சாலை மறியலால் திங்கட்கிழமைச் சிகிச்சை முறையைத் தவறவிட்டவர் அபூ தாரிக். கால்கள் துவண்டிருந்தன, மூச்சு முட்டியது. ஆறே முக்காலிலிருந்து ஹஸ்னா அழைத்திருக்கிறார். மூன்று முறை குரல் தொடக்கத்துக்கே திரும்பியிருக்கிறது. நாங்கள் அவரைத் தூக்கி உள்ளே ஓட, ஹஸ்னா நேராகத் தங்கள் மேசைக்கு வந்து, ஊர் வழக்கப்படி வஸீமின் தாயே என்று தங்களை விளித்தார்.

"உம் வஸீம், நீ எங்க போயிருந்த? அந்தக் குரல்கிட்ட என் புருஷன் சாகக் கிடக்கிறான்னு சொன்னேன். அழைத்ததற்கு நன்றின்னுச்சு."

அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டீர்கள், தண்ணீர் கொடுத்தீர்கள். பிறகு கணினியின் முன் அமர்ந்தீர்கள். வெளியாள் பழைய கடவுச்சொல்லை மாற்றாமலே போயிருந்தார். பத்து நிமிடத்தில் அழைப்புகளின் வரிசையைத் தலைகீழாக்கினீர்கள்: முதலில் தங்கள் மேசை, அங்கே எடுக்காவிட்டால் செவிலியர் மேசை, பிறகு மருத்துவர் அறை, பிறகு மருந்தகம். எவருமே எடுக்காவிட்டால்தான் கடைசியாக அந்தக் குரல். மாலை வரை நீண்ட சிகிச்சைக்குப் பின் அபூ தாரிக் எழுந்து உட்கார்ந்து எலுமிச்சை கேட்டார். மருத்துவர் கூடாது என்றார். அவர் பிழைத்துவிட்டார் என்று நாங்கள் அறிந்தது அந்தச் சண்டையில்தான்.

மறுநாள் இயக்குநர் எல்லோர் முன்னிலையிலும் தங்களிடம் வந்தார். யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்றார். ஹஸ்னாவைக் கேட்டு என்றீர்கள். பழையபடி வையுங்கள் என்றார், மறுத்தீர்கள். அப்படியானால் கடவுச்சொல்லைக் கொடுங்கள் என்றார். அதை மட்டும் தாங்கள் மறுக்கவில்லை. ஒரு தாளில் எழுதி, அதன் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்து, பேனாவோடு அவர் பக்கம் நகர்த்தினீர்கள். அன்று தங்கள் குரல் உயரவே இல்லை.

"தாராளமா மாத்திக்கோங்க, உஸ்தாத். இன்னையிலேருந்து முதல்ல எந்திரம்தான் எடுக்கும், அதுக்கு நான் பொறுப்புன்னு எழுதியிருக்கேன். கையெழுத்து மட்டும் போடுங்க."

அவர் தாளை இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்தார், வைத்தார். வேறு வேலை இருப்பதாகச் சொல்லி மாடியேறினார். எங்களில் சிலர் அன்று தலைகுனிந்து நின்றோம், அம்மையாரே. தங்களுக்காக வாய் திறந்தவர் அன்று எங்களில் ஒருவரும் இல்லை. இதையும் சுவரில் மாட்டத்தான் எழுதுகிறோம்.

இருபத்தொன்பது ஆண்டுகளில் தாங்கள் எத்தனை பேருக்கு இணைப்புக் கொடுத்தீர்கள் என்பதற்குக் கணக்கில்லை. பேரீச்சை நிறைத்த மாமூல் என்னும் பலகாரம் பெருநாள்தோறும் தங்கள் மேசைக்கு எத்தனை வீடுகளிலிருந்து வந்தது என்பது எங்களுக்குத் தெரியும். பாதியைத் தின்றவர்கள் நாங்கள். கடலோரக் காற்றில் தாங்கள் களித்து நடக்கவும், கண்ணுக்கும் செவிக்கும் குறைவின்றி நூறாண்டு காணவும், தங்கள் மகன் வஸீமின் பிள்ளைகள் தங்களைக் கேட்டே கலகம் செய்யவும் வாழ்த்துகிறோம்.

ஒன்று மட்டும் மீதம் இருக்கிறது. தங்கள் இடத்துக்கு எவரும் நியமிக்கப்படவில்லை. நாளை முதல் பதிவுக் குரல் முன்னே வரும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். அறிவிப்பைப் படித்தோம், ஏற்கவில்லை. இம்மடலில் கையெழுத்திடும் ஒவ்வொருவரும், அவரவர் ஓய்வு நேரத்திலிருந்து, தங்கள் நாற்காலியில் அமரும் நேரத்தையும் பெயரோடு எழுதியிருக்கிறோம். மையத்தின் எண்ணை யார் அழைத்தாலும் மனிதர் எடுப்பார்.

தங்கள் தோழமையில் நிமிர்ந்தோர்:

லமீஸ், செவிலியர் – காலை ஆறு முதல் எட்டு வரை
மருத்துவர் கஸ்ஸான் – எட்டு முதல் ஒன்பது வரை
வதாத், சமையலறை – ஒன்பது முதல் பதினொன்று வரை
நதீம், மருந்தகம் – பதினொன்று முதல் ஒன்று வரை
ஜோர்ஜெத், துப்புரவுப் பணி – ஒன்று முதல் மூன்று வரை
அபூ தாரிக், நோயாளி – செவ்வாய், வியாழன், சனி மட்டும், மூன்று முதல் ஐந்து வரை. மற்ற நாள்களில் ஹஸ்னா
ரீமா, இயக்குநரின் செயலாளர் – ஐந்து முதல் மூடும் வரை